ஏசி குளிர் காணாது, ஏசியை நிப்பாட்டினால் சூட்டுக் காத்து: ஈகே3 சிவிக்கில ஹீற்றர் வால்வோ பிழை?

வடக்கு_ஈகே3

அண்ணைமாருக்கு வணக்கம். கார் 1998 ஹொண்டா சிவிக் ஈகே3, டி15பி எஞ்சின், கையால திருப்புற ஏசி பனல். ஓடுறது யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம்தான்.

காலமை எடுக்கேக்க குளிர் நல்லா இருக்கு. எஞ்சின் சூடேறி அரை மணித்தியாலம் போனால் நடு வென்ரில 17, 18 பாகைக்குக் கீழ இறங்குதில்லை. கேஸ் பிரஷர் ரெண்டு பக்கமும் பாத்தாச்சு, சரியாம். கொண்டென்சர் ஃபேன் ஓடுது. ஏசியை நிப்பாட்டிப்போட்டு வெளிக்காத்தை மட்டும் எடுத்தால், கொன்ட்ரோல் முழுக்க நீலப் பக்கம் இருந்தாலும் சூடாத்தான் வருது. ஹீற் முள் வழமையான இடத்தில நிக்குது. ரிசேர்வ் போத்தலில தண்ணி மெல்ல மெல்லக் குறையுது, நிலத்தில ஒழுகின அடையாளம் இல்லை. பொனற்றைத் திறந்து பாத்தால் ஃபயர்வோலில (எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற பகுதிக்கும் இடையில உள்ள தகடு) இருக்கிற ஹீற்றர் வால்வின்ர கையை, அதாவது லீவரை, சுத்தி வெள்ளையாப் பூத்துக் கிடக்கு.

கராச்சில "எங்கட வெயிலுக்கு ஹீற்றர் என்னத்துக்கு, ரெண்டு ஹோசையும் ஒண்டாச் சேர்த்துவிடுவம்" எண்டு சொல்லுகினம். அப்பிடிச் செய்யலாமோ? இல்லாட்டி வால்வை மாத்துறதோ? வாங்க முதல் வால்வுதான் பிழை எண்டு எப்பிடி உறுதிப்படுத்துறது?

---

பழைய_சாவி

அறிகுறி எல்லாம் வால்வைத்தான் காட்டுது. ஆனா மூண்டு பிழை வெளியில ஒரே மாதிரித்தான் தெரியும்: வால்வு உள்ளுக்கை மூடாமல் இருக்கிறது, வால்வு நல்லா இருந்தும் கேபிள் அதை முழுத்தூரம் இழுக்காமல் விடுறது, ஹீற்றர் பெட்டிக்குள்ள குளிர்காத்தையும் சூட்டுக் காத்தையும் கலக்கிற ஏர் மிக்ஸ் கதவு சரியா அடைபடாதது. காசைக் குடுக்க முதல் இதுகளைப் பிரிச்சுப் பாக்கோணும்.

சூட்டுத் தண்ணி சிலிண்டர் ஹெட்டில இருந்து ஒரு ஹோசால வந்து, வால்வுக்குள்ளால ஹீற்றர் கோருக்கு (டாஷ்போர்ட்டுக்குப் பின்னால காத்தைச் சூடாக்கிற குட்டி ரேடியேற்றர்) போய், மற்ற ஹோசால எஞ்சினுக்குத் திரும்புது. நீங்கள் கொன்ட்ரோலை நீலத்துக்குத் திருப்பேக்க ரெண்டு வேலை சேர்ந்து நடக்கோணும். பனலில இருந்து போற கேபிள் பெட்டிக்குள்ள கதவை மூடும். பெட்டியில இருந்து ஃபயர்வோலுக்கு வெளியால வாற மற்றக் கேபிள் வால்வை மூடும். காத்து முதல்ல எவாப்பரேற்றருக்குள்ளால போய்க் குளிர்ந்து, அதுக்குப் பிறகுதான் கோரைத் தாண்டி வருது. கோருக்குள்ள 85, 90 பாகைத் தண்ணி ஓடிக்கொண்டிருந்தால் ஏசி குளிராக்கின காத்து அந்த இடத்தில திரும்பச் சூடாகும். கதவு மூடித்தானே இருக்கு எண்டு கேப்பியள். அந்தக் கதவின்ர ஓரத்தில ஒட்டியிருக்கிற பஞ்சு இந்த வயசுக் காரில உதிர்ந்துபோகும் (வென்ருக்குள்ளால கறுப்புத் தூள் பறந்தால் அது உந்தப் பஞ்சுதான்). அதால பழைய காரில வால்வுதான் உண்மையான காவல்.

எஞ்சினைச் சூடாக்கி, ரேடியேற்றர் ஃபேன் ஒருக்கா ஓடி நிக்கட்டும். கொன்ட்ரோல் முழு நீலம், ஏசி நிப்பாட்டி, பத்து நிமிசம் ஐடிலில விடுங்கோ. இப்ப ஃபயர்வோலில ஹோசுகளைத் தொட்டுப் பாருங்கோ. வால்வுக்கு முன்னால இருக்கிறது கை வைக்க ஏலாத சூடா இருக்கும், அது சரி. வால்வுக்கும் கோருக்கும் இடையில இருக்கிறதும், திரும்பிப் போற ஹோசின்ர ஃபயர்வோல் பக்க முனையும் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. மூண்டும் ஒரே சூடெண்டால் தண்ணி ஓடுது. இன்ஃபிராரெட் கன் இருந்தால் றப்பரில பிடியுங்கோ. பளபளப்பான கிளிப்பிலயோ உலோகக் குழாயிலயோ பிடிச்சால் உள்ளதைவிடக் குறைச்சுக் காட்டி ஏமாத்தும்.

ஓடுது எண்டு தெரிஞ்சால் அடுத்தது கேபிள். ஒராளை உள்ளுக்க இருத்தி, கொன்ட்ரோலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிப்போட்டு வால்வின்ர கையைப் பாருங்கோ. நீலத்தில அது தன்ர முடிவு வரை போய் முட்டோணும். முட்டாமல் நிண்டால் கேபிளைக் கிளிப்பில இருந்து கழட்டி, கையாலயே முழுக்க மூடிப்போட்டு ஹோசைத் திரும்பப் பாருங்கோ. ஆறத் தொடங்கினால் வால்வு நல்லம், கேபிள் சரிசெய்தால் போதும், செலவில்லை. கை முட்டியும் ஹோஸ் சூடெண்டால் வால்வுக்குள்ள தண்ணியை அடைக்கிற சீற் போயிற்று. கை அசையவே மாட்டுதெண்டால் பலவந்தம் பண்ண வேண்டாம், அது பிளாஸ்ரிக்.

கடைசிச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். எஞ்சினை நிப்பாட்டி, வால்வுக்கு முன்னால இருக்கிற ஹோசை ஹோஸ் கிளாம்பால அமத்துங்கோ. அகலமான, உருண்ட வாய் உள்ள கிளாம்ப் வேணும். பல்லுள்ள வைஸ்கிறிப்பால வெறுமனே கடிச்சால் பழைய ஹோஸ் உள்ளுக்கை வெடிக்கும், இரண்டு கிழமை கழிச்சு றோட்டில நிப்பியள். அமத்திப்போட்டு எஞ்சினை எடுத்து ஏசியைப் போட்டு, நடு வென்ருக்குள்ள தேர்மோமீற்றரை விட்டு, உள்காத்து சுத்துற நிலையில 1,500 ஆர்பிஎம்மில பத்து நிமிசம். கணிசமா இறங்கினால் குற்றவாளி ஹீற்றர் பக்கம். அசையாமல் 17லயே நிண்டால் வால்வை மறந்திட்டு ஏசிக்காரரிட்டத் திரும்பப் போங்கோ.

தண்ணி குறையிறதுக்கு, ஆறின எஞ்சினில ரேடியேற்றர் பிரஷர் ரெஸ்ரரைப் பூட்டி 1 பார் வரை அடிச்சுக் கால் மணித்தியாலம் விடுங்கோ. வெள்ளையாப் பூத்தது எண்டால் வால்வின்ர கை உள்ளுக்குப் போற அச்சால கசியுது, நிலத்தில விழ முதல் சூட்டில காஞ்சு உப்பு மட்டும் மிஞ்சுது. ஆனா இடப்பக்கம் முன் ஆசனத்துக் கால்மாட்டுக் கார்ப்பெற்றைத் தூக்கி அடியில தொட்டுப் பாக்க மறக்க வேண்டாம். பிசுபிசுப்பான ஈரமும், உள்ளுக்க இனிச்ச மணமும், முன் கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரியும் இருந்தால் கோரே ஒழுகுது. அது டாஷ்போர்ட் கழட்டுற வேலை.

---

நுவரெலியா_றோட்

கராச்சில சொன்னதைப் பற்றி மட்டும். சேர்த்துவிட்டால் ஏசி குளிரும், அதில பொய்யில்லை. ஆனா இந்தக் காருக்கு அது நல்ல வழி இல்லை.

ஈகேயில இருக்கிறது ரெண்டு வாய் வால்வு. மூடினால் அந்தப் பாதையில ஓட்டமே நிண்டுபோம், எஞ்சின் அதுக்குத் தகுந்த மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கு. ரெண்டு ஹோசையும் ஒண்டாக்கினால் ஹெட்டில இருந்து வாற சூட்டுத் தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எந்நேரமும் பம்பின்ர உறிஞ்சுற பக்கத்துக்குத் திரும்பும். நல்ல ரேடியேற்றர் தாங்கும். பாதி அடைபட்ட ரேடியேற்றரோட ஏசியும் போட்டு ரம்பொடை ஏத்தம் ஏறினால் முள் மேல போகும். அப்ப ஹீற்றரை முழுச் சூட்டில போட்டு, புளோவரைக் கூட்டி வைச்சு எஞ்சின் சூட்டை இறக்குற வழியையும் நீங்களே வெட்டிப்போட்டியள். ஏசியை நிப்பாட்டி, ஹீற்றரைப் போட்டு, ஓரமா நிப்பாட்ட அந்தக் கோர் ஒரு குட்டி ரேடியேற்றர்.

பிறகு, நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மழையோட விடியக்காலமை ஓடேக்க கண்ணாடிப் புகாரை எடுக்கச் சூட்டுக் காத்து வேணும். வடக்கில ஓடுற காரெண்டு சொல்லுவியள், விக்கேக்க வாங்குறவர் மலைநாட்டுக்காரரா இருந்தால் முதல்ல அதைத்தான் போட்டுப் பாப்பார்.

சேர்க்கத்தான் வேணுமெண்டால் கோருக்குள்ள நிக்கிற தண்ணியை மெல்ல ஊதி வெளியேத்திப்போட்டு ரெண்டு வாயையும் மூடுங்கோ. தேங்கி நிண்டால் உள்ளுக்கையே அரிச்சு ஓட்டை விழும்.

---

வடக்கு_ஈகே3

செய்து பாத்தன். கேபிள் கழட்டி வால்வின்ர கையை முடிவு வரை தள்ளினன், மூண்டு ஹோசும் அதே சூடு. ஹோசை அமத்தினதும் வென்ரில 17 இருந்து 11க்கு வந்திட்டுது. கார்ப்பெற் அடி காஞ்சுதான் இருக்கு. பிரஷர் அடிக்க வால்வின்ர அச்சடியில சொட்டு நிக்குது.

மாத்துறதெண்டு முடிவு. சாமான் என்னென்ன வாங்குறது, எப்பிடிக் கழட்டுறது?

---

பஞ்சிகாவத்தைப்_பக்கம்

சாமான் பற்றி நான் சொல்லுறன்.

சேசிஸ் இலக்கத்தைக் குடுத்துத்தான் வால்வு கேளுங்கோ, "சிவிக் வால்வு" எண்டு கேக்க வேண்டாம். வெளியில ஒரே மாதிரி இருந்தும் வாயின்ர கோணமும் கேபிள் பிடிக்கிற கிளிப்பின்ர இடமும் மாறும். ரெண்டு வாயோ நாலு வாயோ எண்டு பாருங்கோ. நாலு வாய் வால்வு மூடினாலும் தண்ணியைத் திருப்பி எஞ்சினுக்கு அனுப்புற வேற வகை, உங்கட காருக்குச் சரிவராது. வெறுங்கையால திறந்து மூடிப் பாருங்கோ. ஒரே இறுக்கமா, தடங்கலில்லாமல் போகோணும்.

கொழும்பில பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில பாவிச்சது எடுக்கிறதெண்டால்: மூடின நிலையில ஒரு வாயால ஊதுங்கோ, காத்து துப்பரவா நிக்கோணும். மற்ற வாயை விரலால பொத்திக்கொண்டு, பாதி திறந்து, தண்ணிக்குள்ள அமத்தி ஊதினால் அச்சடியில குமிழி வரக்கூடாது. ஜப்பானில இருந்து புதுசா இறக்கின எஞ்சின் கட்டோட வந்தது, இங்க கனகாலம் ஓடின காரில கழட்டினதைவிட அநேகமா நல்லா இருக்கும். அங்க குளிர்காலம் முழுக்க வேலை செய்திருக்கும், தண்ணியும் கூலன்றா இருந்திருக்கும். ஆனாலும் பிளாஸ்ரிக் வயசுபோனதுதான். புது வால்வு கிடைச்சால் புதுசையே எடுங்கோ.

ஹோசையும் சேர்த்து மாத்துங்கோ. உள்விட்டம் 16 மில்லிமீற்றர், எட்டில அஞ்சு அங்குலம் எண்டு கேட்டாலும் தருவினம். வளைவோட அச்சில வார்த்த ஹோஸ் கிடைக்காட்டி நேர் ஹோஸ் போடலாம், ஆனா ஃபயர்வோலடியில வளைவு இறுக்கமெண்டால் மடிஞ்சு அடைபடும். அதுக்கு ஒரு துண்டு கூட வைச்சு அகலமா வளைச்சுக் கொண்டுபோங்கோ. கூலன்ற் ஹோஸ்தான் வேணும். பெற்றோல் ஹோஸ், தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ் ரெண்டும் இந்தச் சூட்டுக்கு நிக்காது.

---

பழைய_சாவி

சரி, கழட்டுற வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கோணும், இரவு விட்டுக் காலமை செய்யிறது நல்லம். ஆற முதல் ரேடியேற்றர் மூடியில கை வைக்க வேண்டாம்.

ரேடியேற்றர் அடியில இருக்கிற திருகைத் திறந்து ரெண்டு லீற்றர் மட்டில ஒரு சுத்தமான பாத்திரத்தில எடுங்கோ. கூலன்ற் எப்பிடியும் மாத்துற காலமெண்டால் முழுக்க இறக்குங்கோ, ஏறத்தாழ 4 லீற்றர் வரும். வால்வடியில ஒரு பழைய துணியை அடைஞ்சு வையுங்கோ. பக்கத்தில டிஸ்ரிபியூற்றரோ வயர் இணைப்புகளோ இருந்தால் பொலித்தீனால மூடுங்கோ. நாயும் பூனையும் கூலன்றை இனிப்பெண்டு நக்கும், அது நஞ்சு, பாத்திரத்தைத் திறந்து விட வேண்டாம்.

முதல்ல கேபிள். உறையைப் பிடிக்கிற கிளிப்பை ஒரு மெல்லிய திருப்புளியால நெம்பி எடுங்கோ. பழைய பிளாஸ்ரிக் கிளிப் உடைஞ்சால் கேபிளைப் பிடிக்க வேற வழி தேடி அலையோணும், அவசரப்பட வேண்டாம். பேந்து ஹோஸ் கிளிப்புகளைக் குறடால அமத்தி ஹோசின்ர நடுப்பகுதிக்குத் தள்ளுங்கோ.

கனபேர் பிழைவிடுற இடம் அடுத்தது. ஹோஸ் ஒட்டிக்கொண்டு நிண்டால் இழுக்க வேண்டாம், முதல்ல முறுக்குங்கோ. முறுக்கியும் அசையாட்டி, குழாயில கீறல் விழாமல் பிளேட்டால நீட்டுக்கு வெட்டி உரிச்சு எடுங்கோ, ஹோஸ் எப்பிடியும் புதுசுதானே. கோரில இருந்து வெளியால நீட்டிக்கொண்டிருக்கிற குழாய் மெல்லிசு. அதை ஆட்டி இழுத்தால் உள்ளுக்க கோரோட சேருற மூட்டு விடும். ஒரு சின்ன வால்வு வேலை டாஷ்போர்ட் வேலையா மாறுறது அந்த ஒரு இழுவையிலதான்.

குழாய் முனைகளைத் துடைச்சு, படிஞ்ச உப்பை மெல்லிய மண்கடதாசியால சுத்தமாக்குங்கோ. புது ஹோசை ஏத்தக் கொஞ்சம் கூலன்ற் தடவினால் வழுக்கும். கிறீசோ எஞ்சின் எண்ணெயோ வேண்டாம், கூலன்ற் ஹோஸ் றப்பர் எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகும். வால்வில அம்புக்குறி இருந்தால் எஞ்சினில இருந்து கோருக்குப் போற திசையில பூட்டுங்கோ. கிளிப் குழாயின்ர புடைப்பைத் தாண்டி உள்பக்கம் இருக்கோணும், புடைப்புக்கு மேல இருந்தால் சூட்டில வழுக்கி வரும். முந்தின ஸ்பிறிங் கிளிப் நல்லா இருந்தால் அதையே போடுங்கோ. றப்பர் சூட்டில விரிஞ்சு ஆறச் சுருங்கேக்க அதுவும் கூடவே இறுக்கும். திருகுற கிளிப் போட்டு வால்வின்ர பிளாஸ்ரிக் வாயைப் பலத்தால இறுக்கினால் அண்டைக்கு ஒண்டும் தெரியாது, பிறகு வெடிப்பு வரும்.

இப்ப கேபிள் சரிபாக்கிறது. இது பிழைச்சால் புது வால்வும் பழைய வால்வு மாதிரித்தான் நடக்கும். கேபிளை வால்வில பூட்டாமல், உள்ளுக்க கொன்ட்ரோலை முழு நீலத்துக்குத் திருப்புங்கோ. வெளியில வால்வின்ர கையைக் கையாலயே முழுக்க மூடிப் பிடியுங்கோ. கேபிள் நுனியை அந்தக் கையில மாட்டுங்கோ. பிறகு உறையை மட்டும் மெதுவாப் பின்னுக்கு இழுத்து, தொய்வு எடுபட்டதும் கிளிப்பில அமத்துங்கோ. கூட இழுத்தால் உள்ளுக்க கொன்ட்ரோல் நீலத்தில இருந்து நகரும், அப்ப ஏர் மிக்ஸ் கதவு திறந்துபோம். ஒராள் பனலைப் பாத்துக்கொண்டிருந்தால் நல்லம். அதுக்குப் பிறகு சிவப்பு, நீலம் எண்டு நாலஞ்சு தரம் திருப்பி, ரெண்டு முனையிலயும் கை முட்டுதோ எண்டு பாருங்கோ.

தண்ணி விடேக்க கொன்ட்ரோல் முழுச் சிவப்பில இருக்கோணும். மூடின வால்வோட நிரப்பினால் கோருக்குள்ள காத்து நிக்கும். கழுத்து வரை மெல்ல ஊத்துங்கோ. மேல் ரேடியேற்றர் ஹோஸ் எஞ்சினில சேருற இடத்தடியில காத்து எடுக்கிற போல்ட் இருந்தால் அதை லூசாக்கி, குமிழியில்லாமல் ஒரே தாரையா வந்ததும் இறுக்குங்கோ. 10 நியூற்றன் மீற்றர்தான், நீட்டுச் சாவி போட்டால் முறியும். மூடியைத் தளர்வா வைச்சு எஞ்சினை ஓட விட்டு, ஃபேன் ரெண்டு தரம் ஓடி நிக்கும் வரை பொறுங்கோ. இறங்கினதை நிரப்பி மூடியைப் பூட்டுங்கோ. மூடியின்ர றப்பரையும் பாருங்கோ. ஹொண்டா மூடி 93 முதல் 123 கிலோபஸ்கல் வரை தாங்கோணும், அதுக்கு முதல் விட்டால் தண்ணி போத்தலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கிணத்துத் தண்ணி விட வேண்டாம். யாழ்ப்பாணத்தில நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், அந்தத் தண்ணி கேத்திலில படியிற மாதிரித்தான் வால்வுக்குள்ளயும் படியும். உங்கட வால்வின்ர சீற் அநேகமா அதாலதான் போயிருக்கும். சூட்டுப் பக்கம் ஒருநாளும் திருப்பாத காரில அந்தப் படிவு சீற்றைச் சுத்திக் கல்லாகி, பேந்து ஒருநாள் திருப்பேக்க றப்பரைக் கிழிக்கும். ஜப்பான் கார்களுக்கெண்டு வாற, சிலிக்கேற் இல்லாத கூலன்றும், காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி. பற்றரிக்கு விடுற தண்ணி எண்டு கேட்டு வாங்கலாம், கடைக்காரர் அசிற்றைத் தந்திடாமல் பாத்து வாங்குங்கோ. கூலன்றின்ர நிறத்தை வைச்சு எதோட எதைக் கலக்கலாமெண்டு முடிவெடுக்க வேண்டாம், ஒவ்வொரு கொம்பனியும் தன்ர விருப்பத்துக்கு நிறம் போடுது. மாதத்துக்கு ஒருக்கா சூட்டுக்கும் குளிருக்கும் ரெண்டு மூண்டு தரம் திருப்பி விட்டால் வால்வு பிடிபடாது.

---

டீசல்_பென்ஸ்124

இடையில ஒரு விஷயம். 124 மொடல் மெர்சிடிஸ் பென்ஸ் வைச்சிருக்கிறவை இதை வாசிச்சுக் கேபிளைத் தேட வேண்டாம். அதில கரண்டில வேலை செய்யிற வால்வு. கரண்ட் வந்தால் மூடும், வராட்டி திறக்கும். கொயில் எரிஞ்சாலோ ஃபியூஸ் போனாலோ முழுச் சூடுதான், வால்வின்ர பிளக்கைக் கழட்டினாலும் அதேதான். முதல்ல பிளக்குக்கு 12 வோல்ற் வருதோ எண்டு பாத்திட்டு, வந்தும் மூடாட்டி மட்டும் வால்வைக் கழட்டுங்கோ.

வேக்கூமால வேலை செய்யிற வால்வுள்ள கார்களில குழாயைக் கழட்டிக் கைப்பம்பால இழுத்துப் பாக்கோணும். பம்பின்ர முள் நிக்காமல் விழுந்தால் டயபிறம் கிழிஞ்சுபோச்சு. ஆனா வேக்கூம் போனால் திறக்கிறதோ மூடுறதோ எண்டது காருக்குக் கார் மாறும்.

---

நுவரெலியா_றோட்

வால்வு கிடைக்காமல் காத்திருக்கிற ஆக்களுக்கு ஒரு தற்காலிக வழி: பித்தளைப் பந்து வால்வு, அரை அங்குலம், ரெண்டு பக்கமும் 16 மில்லிமீற்றர் ஹோஸ் வாய் பூட்டினது. உள்ளுக்க வெள்ளை ரெஃப்லோன் சீற் உள்ளதெண்டால் எஞ்சின் தண்ணியின்ர சூட்டைத் தாங்கும். வீட்டுக் குழாய் வேலைக்கு வாற பிளாஸ்ரிக் வால்வு வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். பித்தளை பாரம், ஹோசில தொங்கவிட்டால் அதிர்வில ஹோஸ் வாயடியில கிழியும், ஃபயர்வோலில ஒரு பட்டி போட்டுப் பிடியுங்கோ. மலைக்குப் போக முதல் பொனற்றைத் திறந்து கையால திருப்ப வேண்டியதுதான் கரைச்சல்.

---

வடக்கு_ஈகே3

வால்வு, ரெண்டு ஹோஸ், கூலன்ற் மாத்தியாச்சு. மத்தியான வெயிலில நடு வென்ரில 10 பாகை. எல்லாருக்கும் நன்றி. ஒண்டே ஒண்டு: எஞ்சினை எடுக்கேக்க டாஷ்போர்ட்டுக்குப் பின்னால தண்ணி களகளவெண்டு ஓடுற சத்தம் கேக்குது. முந்தி இல்லை.

---

பழைய_சாவி

கோருக்குள்ள காத்து. முன் சில்லு ரெண்டையும் ஏத்தத்தில விட்டு நிப்பாட்டினால் ரேடியேற்றர் வாய் எல்லாத்தையும்விட உயரத்தில வரும். ஆறின எஞ்சினில மூடியைக் கழட்டி, கொன்ட்ரோலை முழுச் சிவப்பில விட்டு, எஞ்சினை எடுத்து ஃபேன் ரெண்டு தரம் ஓடும் வரை விடுங்கோ. இடைக்கிடை 2,000 ஆர்பிஎம்முக்குக் கூட்டினால் குமிழி கெதியா வெளிக்கிடும். இறங்கினதை நிரப்பி மூடுங்கோ. ரிசேர்வ் போத்தல் ரெண்டு கோட்டுக்கும் இடையில இருக்கட்டும். அடுத்த நாள் காலமை, எஞ்சினை எடுக்க முதல் மூடியைத் திறந்து பாருங்கோ. கழுத்து வரை நிண்டால் சரி. இறங்கியிருந்தால் விட்டு நிரப்புங்கோ, ரெண்டு மூண்டு காலமைக்கு அப்பிடி இருக்கலாம். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் இறங்கி, எஞ்சின் ஓடேக்க குமிழி நிக்காமல் வந்தால் அது ஏர் லொக் (உள்ளுக்க காத்து அடைபட்டது) இல்லை, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில இருக்கிற ஹெட் காஸ்கெற் போனது. ரேடியேற்றர் வாயில எரிஞ்ச வாயு இருக்கோ எண்டு சோதிக்கிற நீலத் திரவம் கராச்சில வைச்சிருப்பினம், அதைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. நிறம் மஞ்சளுக்கு மாறினால் ஹெட்டைக் கழட்டத்தான் வேணும்.